ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் அழைத்துப் போக வேண்டும், எதைப் பார்த்துப் பதிவு செய்வது?

கப்பலின் படங்களை மூடிவிட்டுப் பயண அட்டவணையை எடுங்கள். ஊர்ப் பெயரை விட, கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

‘பாங்காக்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பெரிய கப்பல் நிற்பது லேம் சபாங்கில்; அங்கிருந்து நகரம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ‘ஹோ சி மின் நகரம்’ என்றால் பெரும்பாலும் ஃபூ மீ துறைமுகம். சாலையில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்பும் கப்பலில், இறங்கும் வரிசையையும் கழித்தால் ஊருக்குள் மிஞ்சுவது நாலு மணி நேரம்தான். முட்டிவலி உள்ளவர்களுக்கு அது பேருந்துப் பயணம், ஊர் சுற்றுவது அல்ல.

சில்வர்சீ, சீபோர்ன் போன்ற நிறுவனங்களின் சிறிய கப்பல்களுக்கு விலை கூடுதல். ஆனால் அவை சைகோன் ஆற்றில் ஏறி ஹோ சி மின் நகரத்துக்குள்ளேயே நிற்க முடியும். பாங்காக்கில் நகரத்துக்குள் உள்ள குளோங் தோய் துறைமுகம் வரை போக முடியும். உங்கள் பயணத்தில் அப்படித்தான் நிற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால் இதற்குக் கொடுக்கலாம், பளிங்குக் குளியலறைக்கு வேண்டாம்.

முதல் முறை என்றால் என் ஓட்டு பினாங்குக்கு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் நடை தூரம். குவீன் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில், சுற்றிலும் லிட்டில் இந்தியா. சுற்றுலாப் பேருந்தே வேண்டாம். மலாக்கா நீரிணையைச் சுமத்ரா மறைத்துக்கொள்வதால் அந்தப் பாதையில் கடலும் பெரும்பாலும் அமைதி. வியட்நாம் பாதை அப்படியல்ல: நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கிளப்பும், டிசம்பர், ஜனவரி மோசம். குமட்டல் வருபவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுங்கள். மேல்தளத்துப் பால்கனியில்தான் ஆட்டம் அதிகம்.

அட்டவணையில் ‘டெண்டர்’ என்ற சொல்லையும் தேடுங்கள். கப்பல் கடலில் நங்கூரமிட, சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். புக்கெட்டின் பாதோங்கில் இப்படித்தான் இறக்குவார்கள். ஆடும் படகுக்குத் தாவ வேண்டியிருப்பதால் சக்கர நாற்காலிக்காரர்களை அனுமதிக்காமல் போகலாம். மே முதல் அக்டோபர் வரை அலை பெரிதானால் இறக்குவதையே ரத்து செய்வார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். பினாங்கு போய்த் திரும்புவதும் மறுநுழைவுதான். வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் பாருங்கள். ‘நாங்கள் இறங்கவே மாட்டோம்’ என்றாலும் விசா இல்லாவிட்டால் இங்கேயே ஏற்றாமல் விடக்கூடும். கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாகட்டும். பயணக் காப்புறுதியில் கப்பல் மருத்துவமும் அவசர வெளியேற்றமும் உண்டா என்று கேளுங்கள். கப்பலில் டாக்டரைப் பார்த்தால் அமெரிக்க டாலரில் பில் வரும்.

இங்கே முனையங்கள் இரண்டு: மரினா சவுத் பியர் எம்ஆர்டி அருகே மரினா பே, இன்னொன்று ஹார்பர்ஃபிரண்ட். டாக்சி ஏறும் முன் டிக்கெட்டைப் பாருங்கள். ஒப்படைத்த பெட்டி கேபினுக்கு வர மாலை ஆகலாம். மருந்து கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி, கெட்டில் எடுத்தால் பிடுங்கி வைப்பார்கள். கப்பலில் ஆகும் செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், முன்கூட்டியே நிறுத்திவைக்கும் தொகை திரும்ப நாளாகும். சைவச் சாப்பாட்டைப் பதிவின்போதே எழுதிக் கொடுங்கள்.

தாய்லாந்து, வியட்நாமில் கைபேசி ஒரு மணி நேரம் பின்னே போகும், கப்பல் கடிகாரம் மாறாமலும் இருக்கலாம். திரும்ப வேண்டிய நேரத்தைக் கப்பல் நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகச் சுற்றப் போய்த் தாமதித்தால் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போக வேண்டும்.

திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அனுப்ப முடியும் என்பதால், நீண்ட பயணமென்றால் கிளம்பும் முன்பே முடித்துவிட வழியில்லை. கடைசித் துறைமுகத்தில் இணையம் கிடைக்கும்போது அனுப்பிவிடுங்கள். குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் போலி.