படாக் சிப்பில் அசெம்பிளி: கேள்வி பதில்

தைவானின் படாக் நிறுவனத்து பிஎம்எஸ்150சி, '3 சென்ட் மைக்ரோகன்ட்ரோலர்' என்று பேர் வாங்கிய சிப். அதில் அசெம்பிளி (சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நேரடியாக எழுதும் மொழி) எழுதுவது பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: டேட்டாஷீட்டில் (சிப்பின் விவரக் கையேட்டில்) எல்லாக் கட்டளையும் இருக்கிறதே அண்ணா, பிறகு ஏன் ஆவணம் இல்லை என்கிறார்கள்?

ஒரு கட்டளை என்ன செய்யும் என்று இருக்கிறது, சரி. அது எந்த பிட்களாக மாறுகிறது, சிப்புக்குள் எப்படி ஏற்றுவது? அதைப் பற்றி மூச்சே இல்லை. நிறுவனத்தின் சொந்த விண்டோஸ் மென்பொருளைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது. ஃப்ரீ பிடிகே என்ற திறந்த மூலத் திட்டத்தின் ஆர்வலர்கள் துருவிக் கண்டுபிடித்ததால் இன்று எஸ்டிசிசி என்ற இலவச கம்பைலரிலேயே எழுதலாம்.

கேள்வி: செவன் செக்மென்ட் டிஸ்ப்ளேயில் எந்த இலக்கத்துக்கு எந்தத் துண்டுகள் எரிய வேண்டும் என்ற அட்டவணையை எங்கே வைப்பது சார்? புரோகிராம் மெமரியிலிருந்து டேட்டா படிக்கும் கட்டளையே காணோம்.

இதில் கிடையாது. அட்டவணையையே கட்டளைகளாக எழுத வேண்டும். 'ரெட்' கட்டளைக்கு ஓர் எண் கொடுத்தால், அந்த எண்ணை அக்யுமுலேட்டரில் (கணக்குப் போடும் ரெஜிஸ்டரில்) வைத்துக்கொண்டு, அழைத்த இடத்துக்குத் திரும்பும். பத்து இலக்கத்துக்குப் பத்து 'ரெட்' வரிசையாக எழுதி, அவற்றுக்கு முன்னால் ஒரு 'பிசிஆட்' போடுங்கள். அது அக்யுமுலேட்டரில் இருப்பதை புரோகிராம் கவுன்டரோடு (இயங்கும் கட்டளையின் முகவரியோடு) கூட்டிக் குதிக்கும். இலக்கத்தை அக்யுமுலேட்டரில் வைத்து இந்த வரிசையை 'கால்' போட்டு அழைத்தால் வேலை முடிந்தது.

ஒரு வில்லங்கம் உண்டு. கூட்டல் அந்த 'பிசிஆட்' இருக்கும் முகவரியிலிருந்தே தொடங்குகிறது. இலக்கம் 0 என்று அப்படியே விட்டால் தன் மேலேயே குதித்துக்கொண்டு அங்கேயே சுற்றும். முதலில் 1 கூட்டிவிடுங்கள்.

கேள்வி: 'இஃப்' எப்படி எழுதுவது?

நிபந்தனையோடு தாவும் கட்டளை இல்லை. நிபந்தனை சரியானால் அடுத்த கட்டளையைத் தாண்டும் வகைதான். தாண்டப்படும் இடத்தில் ஒரு 'கோட்டு' (goto, வேறிடத்துக்குத் தாவும் கட்டளை) வையுங்கள். நிபந்தனையைத் தலைகீழாக யோசிப்பது நாலு நாளில் பழகிவிடும்.

கேள்வி: 64 பைட் ராம் போதுமா?

ஸ்டாக்கும் (திரும்ப வேண்டிய முகவரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) அதற்குள்தான். ஒவ்வொரு 'கால்' கட்டளையும் 2 பைட்டை விழுங்கும். அப்புறம், தனி பிட்டை மாற்றும் கட்டளைகள் ராமின் முதல் 16 பைட்டை மட்டுமே எட்டும். ஆம்/இல்லை என்று மட்டும் குறிக்கும் கொடி மாறிகளை அங்கே வையுங்கள், மற்றதைத் தள்ளி வைக்கலாம்.

கேள்வி: எதில் பழகுவது?

பிஎம்எஸ்150சி ஒரே முறை எழுதும் வகை. தப்பானால் குப்பைக்குத்தான். அழித்து மறுபடி எழுதக்கூடிய ஃப்ளாஷ் மெமரி உள்ள பிஎஃப்எஸ்154 வாங்குங்கள், காசு கொஞ்சம்தான் கூடும்.

கேள்வி: சீரியல் இணைப்பில் குப்பை எழுத்தாக வருகிறது. புரோகிராம் கோடு சரிதான்!

சிப்பின் வேகத்தைத் தரும் உள் ஆசிலேட்டரை அளவுதிருத்தம் செய்தீர்களா? சிப்பில் எழுதும்போதே புரோகிராமர் கருவி வேகத்தை அளந்து, திருத்த மதிப்பைச் சேர்க்க வேண்டும். அதற்கான இடத்தை உங்கள் கோடில் விட்டிருக்க வேண்டும். ஃப்ரீ பிடிகேயின் ஹெடர் கோப்புகளில் அதற்கென்றே ஒரு மேக்ரோ (ஆயத்தக் கோடு துண்டு) இருக்கிறது.