கணினி படிக்காத ஒருவர் தன் சிறு தொழிலுக்குத் தானே இணையதளம் அமைத்துக்கொள்ள முடியுமா? எவ்வளவு செலவாகும்?

முடியும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே தேன்கூடு வைத்துத் தேன் விற்பவன். 2017-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் என் தளத்தை நானே எழுதி முடித்தேன். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், யாரோ ஒருவர் உங்களிடம் பெரிய தொகையொன்றைச் சொல்லியிருக்கிறார் என்றும், கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனையில் இருக்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கதை அப்படித்தான் தொடங்கியது.

2014-இல் பக்கத்து ஊர் நிறுவனம் ஒன்று 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு தளம் அமைத்துக் கொடுத்தது. பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டொமைன் எனப்படும் தள முகவரியை அவர்கள் தங்கள் பெயரிலேயே பதிவு செய்திருந்தார்கள் என்பது, இரண்டாம் ஆண்டு முடிவில் தளம் ஒரு நாள் காணாமற்போய், எத்தனை முறை அழைத்தும் அவர்கள் தொலைபேசியை எடுக்காமற்போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீடு கட்டப் பணம் கொடுத்தவன் நான். பட்டா அவர்கள் பெயரில். அந்த முகவரியை அச்சிட்ட லேபிள்கள் இரண்டாயிரத்துக்கு மேல் கையிருப்பில் இருந்தன; ஒவ்வொன்றின் மீதும் நானும் என் மனைவியும் வெள்ளைத் தாள்துண்டு ஒட்டி மறைத்தோம். ஆகவே தளத்தை நீங்கள் கட்டினாலும் வேறொருவர் கட்டினாலும், முகவரியை மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் பதிவு செய்துகொள்ளுங்கள். பணம் யார் கொடுத்தார் என்று அந்தப் பதிவேடு கேட்பதில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சினம் கொள்ள வேண்டாம். நேர்மையாகச் செய்து கொடுப்பவர்கள் பலர் உண்டு என்பதை அறிவேன். எனக்கு வாய்த்தவரைப் பற்றி மட்டுமே சொல்கிறேன்.

ஆனி, ஆடி மாதங்களில் எங்களுக்கு வேலை குறைவு. மழையில் தேனீக்கு வெளியே உணவு கிடைக்காது. கூடுகளைச் சுத்தம் செய்து, சீனிப்பாகு வைத்து, பட்டினி கிடக்காமல் காப்பாற்றுவதோடு சரி. அந்த ஓய்வில், மருமகன் ஒதுக்கிப் போட்டிருந்த விண்டோஸ் 7 கணினியில், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாடங்களைப் பார்த்து, இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல். படித்தேன். தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, படத்துக்கு ஒரு குறி, இணைப்புக்கு ஒரு குறி என்று சிறு கடைக்குத் தேவையானவை ஏறத்தாழ இருபதுக்குள் அடங்கிவிடும். அவ்வளவையும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

என்னை அலைக்கழித்தவை வேறு. முதல் பக்கத்தை நோட்பேடில் தமிழில் தட்டிச் சேமித்துத் திறந்தால், எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக நின்றன. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதை ஒரு வரியில் அறிவிக்க வேண்டும் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. அச்சகத்தில் வாங்கிய பழைய துண்டுப்பிரசுரக் கோப்பிலிருந்து வாசகங்களை எடுத்து ஒட்டினேன். அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டது என்பதால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும், புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளிகளும் வந்தன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றித்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. பிறகு, என் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த படங்கள், தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வரில் ஏற்றியதும் ஒன்றுகூடத் தெரியவில்லை. கேமரா கொடுத்த கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்து, நான் பக்கத்தில் எழுதியது சிறிய எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும், பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸ் வேறு வேறாகக் கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன. தெரிந்தவருக்கு இது நான்கு நிமிட வேலை என்று சிரிக்கலாம். சிரியுங்கள், அடுத்தவருக்கு அந்த நான்கு இரவுகள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆனால் இவையெல்லாம் செய்த உடனே கண்ணில் பட்ட பிழைகள். எழுதிய சொற்களில் நேர்ந்த பிழை கண்ணில் படவே இல்லை.

முகப்புப் பக்கத்தில் முதலில் நான் எழுதியது வரலாறு. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், அந்த மையம் எங்கள் பகுதிக்குக் கொண்டுவந்த பெட்டித் தேனீ வளர்ப்பு, என் தாத்தா வைத்த முதல் கூடு என்று மூன்று நீண்ட பத்திகள். எனக்கு அதில் மிகுந்த பெருமை. அதைப் படித்ததாக இன்றுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. அழைத்தவர்கள் கேட்டவை மூன்றே கேள்விகள்: கிலோ என்ன விலை, கேரளத்துக்கு அனுப்புவீர்களா, வாங்கிய தேன் உறைந்துவிட்டதே, சீனி கலந்ததா?

மூன்றாவது கேள்வி எனக்குப் புண். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் தை, மாசி, பங்குனியில், மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் மதுரம் எனப்படும் இனிப்பு நீர் சுரக்கும். பூவிலிருந்து அல்லாமல் தளிரிலிருந்து எடுக்கும் தேன் இது. எங்கள் தேனில் பெரும்பகுதி இதுதான், இது விரைவில் உறையும். உறைவது அதிலுள்ள குளுக்கோஸ் மணியாகத் திரள்வதால். வெதுவெதுப்பான நீரில் குப்பியை வைத்தால் மீண்டும் இளகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்திப் பார்ப்பது என்று பரவியிருக்கும் வீட்டுச் சோதனைகள் எதுவும் கலப்படத்தைக் காட்டாது, ஆய்வகம்தான் காட்டும். இதை நாள்தோறும் தொலைபேசியில் சொல்லிச் சலித்துப்போய், வரலாற்றைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, இதையே முதல் பக்கத்தில் எழுதினேன். மழைக்காலத்தில் சீனிப்பாகு கொடுக்கிறோம், அந்த மாதங்களில் தேன் எடுப்பதில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினேன். "சீனி என்ற சொல்லை நீயே ஏன் வலியப் போய் எழுதுகிறாய்?" என்று சித்தப்பா கடிந்துகொண்டார். எழுதியதிலிருந்து அந்த அழைப்புகள் பாதியாகக் குறைந்தன என்பதே அவருக்கு நான் சொன்ன விடை.

அடுத்தது மலையாளப் பக்கம். வாங்குபவர்களில் பாதிக்கு மேல் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பக்கத்தவர்கள். என் தாத்தா திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் படித்தவர்; 1956 நவம்பர் 1 அன்று எங்கள் வட்டம், அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு இணைந்ததற்குப் பின் பிறந்த நான் தமிழில் படித்தவன். மலையாளம் பேசுவேன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஒலிக்கேற்பத் தட்டினால் மலையாள எழுத்து வரும் வசதியை நம்பி, விலைப்பட்டியலை நானே எழுதினேன். கால் கிலோ அளவுக்கு "செறு தேன் குப்பி", ஒரு கிலோவுக்கு "வலிய தேன் குப்பி". மலையாளத்தில் செறு என்றால் சிறிய, வலிய என்றால் பெரிய.

அங்கே செறுதேன் என்பது கொசுத்தேனீ சேர்க்கும் தேன். ஒரு கூட்டில் சில நூறு கிராம்தான் கிடைக்கும் என்பதால் நம் தேனைவிடப் பல மடங்கு விலை; மருந்துக்கென்று தேடி வாங்குவார்கள். சாதாரணத் தேனுக்கு அங்கே வன்தேன் என்று பெயர். நான் குப்பியின் அளவைச் சொன்னேன். படித்தவர்கள் அதைத் தேனின் வகை என்று கொண்டார்கள். தேன்காரனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், பேச்சில் ஒருபோதும் தவறியிருக்க மாட்டேன். தட்டும்போது என் மனத்தில் இருந்தது குப்பி, தேன் அன்று. கால் கிலோ 120 ரூபாய் என்று போட்டிருந்தேன். இரண்டு நாளில் பதினொரு பேர் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பணமும் அனுப்பிவிட்டார்கள். இதுவரை இல்லாத வரவேற்பு என்று மகிழ்ந்துபோய் எல்லாக் குப்பிகளையும் கூரியரில் அனுப்பினேன். அடுத்த வாரம் நெடுமங்காட்டிலிருந்து ஒரு பெரியவர் அழைத்து, வயதுக்கேற்ற நிதானத்துடன் என்னைக் கள்ளன் என்றார்.

பாறசாலையில் மலையாளப் பள்ளியில் படித்த என் மனைவி பட்டியலை ஒருமுறை பார்த்தாள். "நீங்கள் இதை எழுதும்போது நான் இந்த வீட்டில்தானே இருந்தேன்?" என்று மட்டும் கேட்டாள். பதினொரு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். குப்பியைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றோம். அந்தப் பக்கத்தை அவளே புதிதாக எழுதினாள். "இது வன்தேன், செறுதேன் எங்களிடம் இல்லை" என்பது அதன் முதல் வரி. நெடுமங்காட்டுப் பெரியவர் அந்த ஆண்டு ஓணத்துக்கு மூன்று கிலோ வாங்கினார்.

ஆகவே, பக்கத்தை வெளியிடும் முன் அதை வாங்கக்கூடிய ஒருவரை உங்கள் எதிரில் உட்கார வைத்து, அவர் கைப்பேசியில், அவர் வாயால் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறாரோ அந்த வரியை மாற்றுங்கள். படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். கேமராவிலிருந்து வரும் ஐந்து எம்.பி. படம் மலையோரத்தில் சிக்னல் குறைந்த இடத்தில் திறக்கவே திறக்காது, 200 கே.பி.க்குள் இருந்தால் போதும். உணவுப் பொருளாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணைப் பக்கத்தில் போடுங்கள். தளத்திலேயே பொருள்களைக் கூடையில் சேர்த்துப் பணம் கட்டி வாங்கும் கடை அமைப்பு தொடக்கத்தில் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு வாட்ஸ்அப் இணைப்பும் யுபிஐயும் எனக்கு ஐந்தாண்டு ஓடின. நாள்தோறும் நூறு ஆர்டர் வரும் தொழில் உங்களுடையது என்றால் இந்தக் கருத்தை விட்டுவிடுங்கள்.

செலவு கேட்டீர்கள். முகவரிக்கும், தளத்தைச் சர்வரில் வைத்திருக்க வாங்கும் இடமான ஹோஸ்டிங்குக்கும் சேர்த்து முதல் ஆண்டு எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் ஆண்டு விலை சலுகை விலை. இரண்டாம் ஆண்டு அதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள், வாங்கும்போதே புதுப்பிக்கும் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்துக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனிப்பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது, பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாமே இணைத்துக் கொடுக்கின்றன. பதினொரு குப்பித் தேனின் விலையையும் கூரியர் கட்டணத்தையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.