கேரட் தோட்டத்தில் கல் ஏறுகிறது, மேல்வரப்பில் விரிசல் விழுந்திருக்கிறது

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம். கேரட்டும் உருளைக்கிழங்கும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். அப்பா காலத்தில் மண்வெட்டி ஒரு முழம் இறங்குமாம். இப்போது ஒரு சாணிலேயே கல் இடிக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் கல் பொறுக்கிக் கொட்டுகிறேன், அடுத்த வருடம் திரும்ப வந்துவிடுகிறது. தண்ணீர் நின்றால் கேரட் அழுகும் என்று பாத்தியை மேலிருந்து கீழாகத்தான் எடுப்போம். போன மாதம் மேல்வரப்பை ஒட்டிப் பிறை மாதிரி ஒரு விரிசல் விழுந்தது, விரல் நுழையும் அகலம். கீழ்க்கரையில் புதிதாகத் தண்ணீர் கசிகிறது. நீர் தேங்கும் குழிகள் வெட்டினால் மண் நிற்கும் என்கிறார்கள். வெட்டலாமா ஐயா?

பதில்: வணக்கம். வெட்ட வேண்டாம். விரிசல் இருக்கும் பக்கம் ஒரு குழிகூட வேண்டாம்.

சரிவு நிலத்தில் குழி வெட்டி மழைநீரை நிறுத்துவது நல்ல முறைதான், தேயிலைத் தோட்டங்களில் நானே சொல்வதுண்டு. ஆனால் மேலே பிறை வடிவ விரிசல், அதற்கு நேர் கீழே புதுக் கசிவு, இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது என்றால் அந்தத் துண்டு மொத்தமாக நகரத் தொடங்கியிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே குழி வெட்டினால் மண்ணை நிறுத்த மாட்டீர்கள், வழுக்குகிற இடத்துக்குத் தண்ணீரை இறக்கிவிடுவீர்கள்.

உங்கள் ஊரில் ரோட்டுக்காக மலையை வெட்டிய இடம் ஏதாவது இருந்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மேலே கறுப்பு மண். அதற்குக் கீழே சிவப்பு. அப்புறம் கையால் பிய்த்தால் உதிரும் மஞ்சள் பாறை, அதற்குள் அங்கங்கே உருண்டைக் கற்கள். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கருங்கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி இறங்கி, நினைத்துப் பார்க்க முடியாத காலமாக அதைக் களிமண்ணாக இளக்கி வந்திருக்கிறது. இளகாமல் தப்பிய நடுப்பகுதிதான் அந்த உருண்டைக் கற்கள். இந்த மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நீர் நிறைந்தால் எடை கூடும், உள்ளே நீரின் அழுத்தம் ஏறும், துகளைத் துகள் பிடித்திருக்கும் பிடி விட்டுவிடும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்களில் மாவட்டம் முழுக்க நடந்த சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் பக்கத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். அதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

விரிசலுக்குள் களிமண்ணைப் போட்டு அடுக்கடுக்காகக் குத்தி இறுக்குங்கள். வெறும் மண்ணைத் தள்ளி மூடினால் முதல் மழையிலேயே உள்வாங்கும். மேலே தார்ப்பாய் விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். விரிசலுக்கு மேற்புறம், நன்றாக விலகி, ஒரு வடிகால் எடுத்து, தளத்தில் பிளாஸ்டிக் ஷீட்டாவது போட்டு, மேலிருந்து வரும் நீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிடுங்கள். அந்தப் பகுதியில் ஸ்பிரிங்க்ளர் ஓட்டாதீர்கள். கீழே கசிகிற நீரை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், அது வெளியே வருவதுதான் உங்களுக்கு நல்லது. கசிவுக்கு முன்னால் கல் நிரப்பிய சிறு வாய்க்கால் எடுத்து ஓட விடுங்கள். கீழ்க்கரையைப் பொக்லைன் வைத்துச் செதுக்குவது கூடவே கூடாது. சரிவைத் தாங்குகிற கால் அதுதான்.

விரிசலின் இரண்டு பக்கமும் ஒரு முளைக்குச்சி அடித்து, தினமும் காலையில் இடைவெளியை அளந்து நோட்டில் எழுதுங்கள். அளவு கூடிக்கொண்டே போனால், கசிவு திடீரெனக் கலங்கினால் அல்லது நின்றுபோனால், கீழே உள்ள வீட்டுக் கதவு இறுகினால், மரம் சாய்ந்தால், ஆட்களை வெளியேற்றிவிட்டு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள். பயிரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

சரி, கல் விஷயம். கல் ஏறவில்லை, மண்தான் இறங்கிப் போகிறது. அடுத்த கனமழை விட்டதும் பாத்தியில் குனிந்து பாருங்கள். சின்னச் சின்னக் கல் ஒவ்வொன்றும் ஒரு மண்தூணின் தலையில் உட்கார்ந்திருக்கும், குடை பிடித்த மாதிரி. கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பித்தது, சுற்றி இருந்தது போய்விட்டது. அந்தத் தூணின் உயரம்தான் அந்த இடத்தில் நீங்கள் இழந்தது. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகம் வரை விழும். வெறும் மண்ணில் பட்டால் துகள் சிதறும், சிதறியதை ஓடும் நீர் அள்ளிக்கொண்டு போகும். மேலிருந்து கீழாக எடுத்த பாத்தியில் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்தான்.

ஓர் ஏக்கரில் சராசரியாக 1 சென்டிமீட்டர் மண் போனால் அது 40 கன மீட்டர், ஏறக்குறைய 50 டன். பத்து டன் ஏற்றும் லாரியில் ஐந்து லோடு. அந்த 1 சென்டிமீட்டர் பாறையிலிருந்து திரும்ப உருவாக நூற்றுக்கணக்கான வருடங்கள் ஆகும். நீங்கள் போடும் தொழு உரமும் அந்த லாரியிலேயே ஏறிப் போகிறது. எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்பதில்லை.

தண்ணீர் நின்று கேரட் அழுகும் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதனால் பாத்தியை முழுக்க மட்டமாக எடுக்க வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே, 100 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் கொடுத்து எடுங்கள். நீர் நிற்காது, ஓடவும் செய்யாது, நடந்து போகும். பாத்தி முடிகிற இடத்தில் புல் பிடித்த வடிகால் இருக்கட்டும். பொறுக்கிய கல்லைக் குவிக்காமல் அதே குறுக்குக் கோட்டில் கல்வரப்பாக அடுக்குங்கள், சிமெண்ட் பூச வேண்டாம். அதன் மேல்பக்கம் வெட்டிவேரையோ கினியா புல்லையோ நெருக்கமாக நடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் வரப்புக்குப் பின்னால் மண் சேர்ந்து தானாகவே படி விழும். ஒரேயடியாக மலையைச் செதுக்கிப் படி வெட்டுவதைவிட உங்கள் மாதிரி ஆழம் குறைந்த மண்ணுக்கு இது மேல். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்ப வேண்டும்.

100 அடிக்கு 33 அடிக்கு மேல் இறங்கும் துண்டு இருந்தால் அதில் கேரட் வேண்டாம், புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிடுங்கள். விரிசல் விழுந்த துண்டில் இந்தக் கடைபோகத்தில், அதாவது வருடத்தின் கடைசிப் போகத்தில், எதையும் விதைக்காதீர்கள். கேரட் பிடுங்குவது என்றால் மழை நேரத்தில் மண்ணைக் கிளறுவதுதானே. இப்போதே புல் கரணைகளை ஊன்றினால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும்.