திறமையான ஆட்டக்காரர்கள் இருந்தும் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் தற்காப்பு ஏன் தடுமாறுகிறது?

தற்காப்பு என்பது, ஒவ்வொரு தாக்குதலுக்கும் எதிரணிக்குக் கிடைக்கும் 24 விநாடிகளில் அது எளிதாகப் பந்தைக் கூடையில் போட்டுவிடாதபடி ஐந்து பேரும் சேர்ந்து தடுப்பதாகும். சேர்ந்து என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. ஓசிபிசி அரங்கில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களைப் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம்: தடுப்பவர் ஒருவர் முந்தப்பட்டதும் கூடைக்கு அருகில் நிற்பவர் உதவிக்கு வர, அவர் விட்டுவந்த எதிராளியை மூன்றாமவர் ஓடிப் பிடிக்க வேண்டும். இதில் ஒருவர் அரை விநாடி தாமதித்தாலும், கூடையிலிருந்து 6.75 மீட்டர் தொலைவில் வளையும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு (இதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளிகள்) வெளியே எதிரணியில் எவரேனும் தடுப்பாரின்றி நிற்பார்.

உணவங்காடிக் கடையில் பரோட்டா போடுபவர் காசு வாங்கப் போனால், சொல்லாமலே இன்னொருவர் கல்லைக் கவனித்துக்கொள்வதைப் போன்ற புரிதல் இதற்குத் தேவை. அது சேர்ந்து ஆடிய பழக்கத்தால் மட்டுமே வருவதால், ஆட்டக்காரர்கள் பருவத்துக்குப் பருவம் மாறும் அணிகளே அதிகம் தடுமாறுகின்றன என்பது என் கணிப்பு. தாக்கும்போது பந்தைப் பறிகொடுப்பதும் ஒரு காரணம். தற்காப்பு அமையும் முன்பே எதிரணி கூடையை நோக்கி ஓடிவிடும்.

அதிகப் புள்ளிகளை விட்டுக்கொடுக்கும் அணியின் தற்காப்பு மோசம் என்று பலர் எண்ணுவது சரியன்று. வேகமாக ஆடும் அணி எதிரணிக்கும் பந்துடன் தாக்கக் கூடுதல் வாய்ப்புகளைத் தருவதால், நூறு வாய்ப்புகளுக்கு எத்தனை புள்ளிகள் என்று கணக்கிட்டே ஒப்பிட வேண்டும்.