ஸ்க்ராட்ச்ல சின்லோன் கேம்: கேட்டவங்களுக்குப் பதில்

பெகு அக்கா: தம்பி, மகனுக்கு 6 வயசு, ஸ்க்ராட்ச் இப்பவே ஆரம்பிக்கலாமா?

தாராளமா அக்கா. ஆனா பிளாக்குகள அடுக்கி கேம் செய்ற இந்த ஸ்க்ராட்ச் 8 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு, இவனுக்கு டேப்லெட்ல ஸ்க்ராட்ச்ஜூனியர் போட்டுக் குடுங்க, அதுல பிளாக் எல்லாம் படம்தான், எழுத்துக்கூட்டத் தெரியலைன்னாலும் பரவால்ல.

ரங்கூன் தம்பி: அண்ணே, கரண்டும் இல்ல நெட்டும் இல்ல, எப்படிப் பண்றது?

நெட் வர்ற நேரம் பார்த்து ஸ்க்ராட்ச் ஆப்பை ஒரு தடவ இறக்கி வச்சுக்கப்பா, அப்புறம் நெட்டே வேணாம். ஆனா அதுல நீதான் சேவ் பண்ணணும், பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பண்ணிரு, கரண்ட் போச்சுன்னா வேலையும் சேர்ந்து போயிரும்.

மோல்மேன் தங்கச்சி: அண்ணா, சின்லோன் கேம் பண்ண ஆசை. 6 பேரு, மியூசிக், லெவல் எல்லாம் வேணும், எதுல தொடங்க?

ரொம்ப நல்ல ஆசைம்மா. சின்லோன் நம்ம பர்மாவுல ஆறு பேரு வட்டமா நின்னு காலால தட்டுற பிரம்புப் பந்து ஆட்டம், அதுல எதிர் டீமே கிடையாது, பந்து கீழ விழாம இருந்தா போதும், அதனால எதிரி எப்படி ஆடணும்னு நீ யோசிக்கவே வேணாம், முதல் கேமுக்கு இதவிட தோதான ஆட்டம் எனக்குத் தெரியல. ஆனா ஆறு பேரும் மியூசிக்கும் அப்புறம், இப்ப ஒரு பந்து ஒரு கால் மட்டும். கால் மவுஸோட x-க்குப் (இடம் வலம்) போகட்டும், y (உயரம்) -120-லயே நிக்கட்டும். பந்துக்கு 'வேகம்'னு ஒரு வேரியபிள் (நம்பர் வச்சுக்கிற பெட்டி) போடு, ஃபாரெவருக்குள்ள (விடாம சுத்துற பிளாக்) ஒவ்வொரு சுத்துக்கும் வேகத்துல 1 குறைச்சு, அந்த வேகத்த y-ல கூட்டு, பந்து நெஜமாவே விழுற மாதிரி வரும். கால்ல பட்டா வேகத்த 20 ஆக்கு. 19, 18, 17-னு ஏறி மொத்தம் 190 உயரம் போய்த் திரும்பும், ஸ்டேஜே 360 உயரம்தான், அதனால பார்க்க அழகா இருக்கும். 15 வச்சா 105தான் போகும், ஆடுறவங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்காது. இந்த நம்பர மாத்தி மாத்தி ஆடிப் பாரு, கேம் நல்லாருக்கா இல்லையாங்கிறது இங்கதான் முடிவாகுது, படத்துலயும் மியூசிக்லயும் இல்ல.

தாட்டோன் தம்பி: ஒரு உதைக்கு ஸ்கோர் 3, 4-னு ஏறுதுண்ணே!

ஃபாரெவர் செகண்டுக்கு 30 தடவ சுத்துது, பந்து கால விட்டு விலகுறதுக்குள்ள அதே தொடுதல் மூணு நாலு தடவ எண்ணிக்கைல வந்துருது. பச்சை 'அண்ட்' பிளாக்க எடுத்து, கால்ல படணும், வேகமும் 0-க்குக் கீழ இருக்கணும்னு ரெண்டையும் சேர்த்துப் போடு. இறங்குற பந்து மட்டும்தான் உதையா எண்ணப்படும், பட்டதும் வேகம் 20 ஆயிருதுல்ல, அடுத்த சுத்துல எண்ணாது.