"சந்தேக எண்ணம்" என்று எழுதச் சொன்னால்

வணக்கம். நிறத்தை வைத்து மேலாளர் தன்னை ஒதுக்குகிறார் என்று ஆலோசனைக்கு வந்த பெண் சொன்னதை, "சந்தேக எண்ணம்" (ஆதாரமில்லாமல் பிறரைச் சந்தேகிக்கும் மனநல அறிகுறி) என்று குறிப்பில் எழுதும்படி உங்கள் மேற்பார்வையாளர் சொல்கிறார். பயிற்சியில் இருக்கும் நீங்கள் எப்படி மறுப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

அப்படி எழுதாதீர்கள். அந்தப் பெண் சொன்னதை அவர் வார்த்தையிலேயே பதியுங்கள்: யார், எப்போது, என்ன சொன்னார், பிறகு அவருடைய தூக்கமும் வேலையும் எப்படி மாறின. உங்கள் விளக்கம் தனி வரியில் வரட்டும். நீங்கள் பயிற்சி முடித்துப் போன பிறகும் அந்தக் கோப்பு அவரைத் தொடரும். அடுத்து பார்ப்பவர் கண்ணில் அந்த ஒரு சொல்தான் முதலில் படும். (நானும் ஒரு காலத்தில் இப்படி எழுதியவன்தான்.)

நம் மனநலத் துறைக்கு இதில் பழைய கடன் உண்டு. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதையே 'டிராபெட்டோமேனியா' என்ற நோயாக்கினார். ஓடியவனுக்கு நோயாம், கட்டி வைத்தவனுக்கு ஒன்றுமில்லையாம்! இனவெறியில் தனக்கிருந்த பங்குக்கு அமெரிக்க உளவியல் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2021-இல்தான்.

மேற்பார்வையாளரிடம் 'இனவெறி' என்று தொடங்கினால் முகம் மாறிவிடும். "இது நடக்கவில்லை என்று எதை வைத்து முடிவு செய்கிறோம்?" என்று கேளுங்கள். மனநோய்களைக் கண்டறியப் பயன்படும் கையேடான டிஎஸ்எம்-5-இல் பண்பாட்டுப் பின்னணியை அறியும் 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் இருக்கிறது. அதை நடத்திவிட்டுப் பேசலாம் என்றால் அவரால் எளிதில் தட்ட முடியாது. அப்போதும் பிடிவாதம் பிடித்தால், உங்கள் மாற்றுக் கருத்தைத் தேதியோடு மேற்பார்வைப் பதிவில் எழுதி வையுங்கள்.