லெசோத்தோ பயணத்துக்காக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குச் செப்டம்பரில் போகிறேன். அங்கிருந்து அவன் காரிலேயே லெசோத்தோவுக்கு ஐந்து நாள் போய்வர ஆசை. ஒன்றரை லட்ச ரூபாய் தேவை. 7% வட்டியில் இரண்டு ஆண்டுக்குப் போட்ட 5 லட்ச ரூபாய் எஃப்.டி. நவம்பரில்தான் முதிர்கிறது. அதை உடைக்கலாமா? லெசோத்தோ பணத்தை இங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால், எஃப்.டி.யைத் தொடாதீர்கள். 22 மாதம் ஓடிய பணத்தை இப்போது எடுத்தால், வட்டியில் 1% பிடித்தம் என்று வைத்தாலே சுமார் 9,000 ரூபாய் போய்விடும். அதே எஃப்.டி.யின் பேரில் ஓவர்டிராஃப்ட், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்து வேண்டிய அளவு எடுக்கும் கடன், கேளுங்கள். பொதுவாக எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவிகிதம்தான் கூடுதலாக இருக்கும். ஒன்றரை லட்சத்துக்கு 8% என்றாலும் இரண்டு மாதத்துக்கு 2,000 ரூபாய்தான். நவம்பரில் எஃப்.டி. முதிர்ந்ததும் கணக்கை நேர்செய்துவிடலாம். பெர்சனல் லோன் பக்கமே போக வேண்டாம்.

லெசோத்தோ பணத்தைத் தேடி இங்கே அலைய வேண்டியதில்லை. அந்த நாட்டு நாணயம் லோட்டி. ஒன்றுக்கு மேல் என்றால் மலோட்டி. ஒரு லோட்டிக்கு ஒரு தென்னாப்பிரிக்க ராண்ட் என்று மதிப்பைக் கட்டிவைத்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த முடியரசு அது. ராண்டும் அங்கே சட்டப்படி செல்லும். ஃபோரெக்ஸ் கார்டில் ராண்ட் ஏற்றிக்கொள்ளுங்கள். தலைநகர் மசேருவில் கார்டு எடுக்கும், மலைக்கிராமங்களில் ரொக்கம்தான். அதனால் சிறு ராண்ட் நோட்டுகளாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். கார்டு தேய்க்கும்போது ‘ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே சொல்லுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கவனிக்க வேண்டியது மீதிச் சில்லறை. நீங்கள் ராண்டில் கொடுத்தாலும் மீதி மலோட்டியாக வரும். எல்லை தாண்டி ஜோகன்னஸ்பர்க் வந்தால் அதைக் கடைகளில் வாங்கமாட்டார்கள். எனவே கடைசி இரண்டு நாள் செலவை முதலில் மலோட்டியில் தீர்த்துவிடுங்கள். பெட்ரோலுக்குக் கொடுக்கலாம், லெசோத்தோவின் பசோத்தோ மக்கள் போர்த்தும் அழகான கம்பளி வாங்கலாம்.

பணம் உண்மையில் கரையும் இடங்கள் வேறு. தென்னாப்பிரிக்க விசாவைப் பலமுறை நுழையும் வகையில் வாங்குங்கள். ஒருமுறை விசாவோடு லெசோத்தோ போனால் மகன் வீட்டுக்குத் திரும்ப முடியாது. லெசோத்தோவின் விசாவையும் டிக்கெட் போடும் முன்பே முடித்துவிடுங்கள். மகனின் கார் வங்கிக் கடனில் இருந்தால், எல்லை தாண்ட வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். கார் காப்பீடு லெசோத்தோவிலும் செல்லுமா என்று அவர் கேட்டு வைக்கட்டும். 2,876 மீட்டர் உயர சானி கணவாய்க்கு அந்தக் காரில் போக நினைக்காதீர்கள். நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். வழிகாட்டியோடு ஒருநாள் சுற்றுலாவாகப் போவது பாதுகாப்பு, செலவும் குறைவு. செமொங்கோங் பக்கம் 192 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மலெட்சுன்யானே அருவியையும் விட்டுவிடாதீர்கள். அதற்கு ஆகும் செலவு நியாயமான செலவு.

பயணக் காப்பீட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நாடே 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது பெரிதாக வந்தால் எல்லை தாண்டி தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டெய்ன் நகரம் வரை கொண்டுபோக வேண்டியிருக்கும். பாலிசியில் இரண்டு நாடுகளின் பெயரும் இருக்கட்டும், அவசர மருத்துவ இடமாற்றமும் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மட்டக்குதிரைச் சவாரி போவதாக இருந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.